வெள்ளியில் படிந்த இருள்: கடற்கரைக் காசுகளின் கருமையும் நம் கடமையும்

நாணயம் என்னும் சொல் தமிழில் இருபொருள் தருவது. கையில் புழங்கும் காசும் நாணயம். ஒருவர் சொல்லிலும் செயலிலும் விளங்கும் நேர்மையும் நாணயம். பழங்காசுகளைக் கையாள்வோர்க்கு இவற்றுள் இரண்டாவது நாணயமே முதலில் வேண்டுவது. ஏனெனில், பழங்காசு தன்மேல் எழுதப்பட்டதை மட்டும் சொல்வதில்லை. எங்கே கிடந்தது, எத்தனை காலம் கிடந்தது, யார் கையில் பட்டது என்பவற்றையும் தன் மேனியின் நிறத்தால் சொல்கிறது. அந்த நிறத்தை அழிப்பவர் அறிந்தோ அறியாமலோ ஒரு சாட்சியைக் கலைக்கிறார்.

பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்தின் மலரில், கவிதைகளுக்கும் திறனாய்வுகளுக்கும் நடுவே, கறுத்துப்போன வெள்ளிக் காசுகளைப் பற்றி ஒரு கட்டுரை எதற்கு என்று அன்பர்கள் வினவக்கூடும். விடை எளிது. சங்க காலத்தின் வரலாறு பாட்டையும் கல்லெழுத்தையும் அடுத்துக் காசையும் ஊன்றுகோலாகக் கொண்டே நடக்கிறது. கோதை, குட்டுவன் என்னும் சேரர் பெயர்களைப் புறப்பாடல்களின் வழியாக நாம் அறிந்திருந்தோம். கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த சிறு வெள்ளிக் காசுகளில் மன்னன் தலையுருவைச் சுற்றி ‘மாக்கோதை’ என்றும் ‘குட்டுவன் கோதை’ என்றும் தமிழ் பிராமி எழுத்துகள் பொறிக்கப்பட்டிருப்பதை நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1990-களில் ஆராய்ந்து வெளியிட்டபோது, பாட்டில் கேட்ட பெயர் காசிலும் கண்ணுக்குத் தெரிந்தது. ஆற்று மணலில் கிடந்த அக்காசுகள் கண்டெடுத்த கையோடு உலைக்குப் போயிருந்தாலோ, பளபளப்புக்காக எழுத்து மழுங்கத் தேய்க்கப்பட்டிருந்தாலோ, இலக்கிய வரலாற்றின் ஒரு பக்கமே நமக்கு இல்லாது போயிருக்கும்.

இந்த ஆபத்து நம் கடற்கரைக்கு இன்றும் உரியது. தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையே பாக் நீரிணையை ஒட்டிக் காரங்காடு இருக்கிறது. அதற்குத் தெற்கே, வைகை கடலோடு கலக்கும் இடத்தருகே அழகன்குளம். அங்கே 1986-87 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வுகளில் ரோமானியக் காசுகளும், கப்பல் உருவம் கீறப்பட்ட பானை ஓடும் வெளிப்பட்டன. இன்னும் தெற்கே பெரியபட்டினத்தில் சீனத்துப் பீங்கான் ஓடுகள். இவ்வளவு கடல் வாணிகம் நடந்த கரையில், உழும்போதும் கிணறு வெட்டும்போதும் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதும் காசு கிடைப்பது வியப்பன்று. இங்கே கிடைப்பவற்றுள் பெரும்பகுதி செம்பு. சேதுபதி மன்னர்கள் வெளியிட்டவையும், யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் வெளியிட்ட ‘சேது’ என்னும் எழுத்தும் நந்தியும் கொண்ட காசுகளும் பெரும்பாலும் செம்பே. எனவே வெள்ளி அருமை உடையது. அருமை உடையது கிடைக்கும்போது கறுத்தே கிடைக்கிறது என்பதுதான் நம் சிக்கல். கறுத்த வில்லையைக் கண்டவர் ஈயம் என்று எறிந்துவிடுகிறார். வெள்ளி என்று தெரிந்தவர் புளியிட்டுத் துலக்கிவிடுகிறார், அல்லது உருக்கக் கொடுத்துவிடுகிறார். இம்மூன்று வழியிலும் வரலாறு ஒன்றுபோலவே தோற்கிறது.

சேறும் வெள்ளியும்

செம்புக்குக் களிம்பு என்றும் இரும்புக்குத் துரு என்றும் தமிழ் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறது. களிம்பைச் சைவ சித்தாந்தம் ஆணவ மலத்துக்கே உவமையாக்கிக்கொண்டது. வெள்ளியின் கருமைக்கோ அத்தகைய தனிச்சொல் வழக்கில் நிலைக்கவில்லை. “வெள்ளி கறுத்துவிட்டது” என்று வினையால் சொல்லி விட்டுவிடுகிறோம். கொலுசு கறுத்தால் உடம்புச் சூடு என்பார்கள். விளக்கு கறுத்தால் வீட்டுக்கு ஆகாது என்பாரும் உண்டு. உண்மைக் காரணம் காற்றில் இருக்கிறது.

தூய வெள்ளி வெறும் காற்றில் துருப்பிடிப்பதில்லை. அதைக் கறுக்கச் செய்வது கந்தகம். காற்றில் மிக மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வளி, ஈரத்தின் துணையோடு வெள்ளியின் மேற்பரப்பைத் தொட்டு, வெள்ளி சல்பைடு என்னும் கரிய படலமாக மாற்றுகிறது. அழுகிய முட்டையின் நாற்றம் இவ்வளியின் நாற்றமே. மனிதர் வியர்வையிலும் கந்தகச் சேர்மங்கள் உண்டு. கம்பளித் துணியிலும் ரப்பரிலும் முட்டையிலும் வெங்காயத்திலும் கந்தகம் உண்டு. கொலுசு கறுப்பதன் மறைபொருள் இவ்வளவே.

காரங்காட்டின் அலையாத்திக் காடு இவ்வேதியியலுக்கு ஒரு திறந்தவெளிப் பாடசாலை. வனத்துறையின் படகுச் சுற்றுலாவில் அக்காட்டுக் கால்வாய்களுக்குள் சென்று வந்த அன்பர்கள், நீர் வற்றிய இடங்களில் கருஞ்சேற்றையும் அதிலிருந்து எழும் நெடியையும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேட்டு இருக்கிறது. காற்றுப் புகாத அலையாத்திச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் இலைமக்கை உண்டு, மூச்சுக்கு வேண்டியதை அந்தச் சல்பேட்டிலிருந்து பெற்று, ஹைட்ரஜன் சல்பைடை வெளிவிடுகின்றன. அதுவே சேற்றில் உள்ள இரும்போடு கூடிச் சேற்றைக் கருமையாக்குகிறது. அதே வளி வெள்ளியைத் தொட்டால் வெள்ளியையும் கருமையாக்குகிறது. ஆகவே இக்கரையின் கருஞ்சேறும் கறுத்த வெள்ளியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் எனலாம்.

இதைப் பழங்காலத்தவர் முற்றும் அறியாதவர் அல்லர். நம் முத்தும் மிளகும் ரோமாபுரிக்குச் சென்ற முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி, தன் இயற்கை வரலாற்று நூலில், மருந்து நீராலும் உப்புக்காற்றாலும் வெள்ளி நிறம் மாறுவதைக் குறித்திருக்கிறார். எகிப்தியர் கந்தகம் சேர்த்து வெள்ளியை வேண்டுமென்றே கறுக்கச் செய்து அழகு கண்டதையும் அவரே எழுதுகிறார். ஒருவர் பழுது என்று கண்டதை மற்றொருவர் கலையாகக் கொண்டிருக்கிறார்.

கருமையின் வகைகள்

கருமை எல்லாம் ஒன்றல்ல. இதை அறிவதே காசைக் கையாள்வதில் முதற்படி.

முதல்வகை, மேலே சொன்ன சல்பைடுப் படலம். இது ஒரே நாளில் கறுப்பதில்லை. முதலில் வைக்கோலின் வெளிர்மஞ்சள்; பின்பு தேன்நிறம்; அதன்பின் செம்பழுப்பும் ஊதாவும்; பிறகு நீலம்; முடிவில் சாம்பல் கலந்த கருமை. நீர்மேல் சிந்திய எண்ணெய் பல வண்ணம் காட்டுவதுபோல, படலத்தின் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் பட்டுத் திரும்பும் ஒளிக்கதிர்கள் ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் தோற்றுவிக்கும் நிறங்கள் இவை. ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறு செய்தால் அதில் ஒரு கூறு அளவுதான் படலத்தின் தடிப்பு. இத்தகைய காசின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். எழுத்தும் உருவும் தெளிவாகத் தெரியும். படலம் தடிக்கத் தடிக்க மேலும் கறுப்பது மெதுவாகும். இது நோயன்று, காசு தனக்குத் தானே நெய்துகொண்ட போர்வை.

இரண்டாம் வகை உப்பால் விளைவது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 19 கிராம் குளோரைடு உண்டு. கடலடியிலும் உவர் மண்ணிலும் நெடுங்காலம் கிடந்த வெள்ளி, வெள்ளி குளோரைடாக மாறுகிறது. கொம்பின் தோற்றமுடையது என்பதால் இதைக் கொம்பு வெள்ளி என்று சுரங்கத்தார் வழங்கினர். இது சாம்பல் நிறத்ததாய், மெழுகுபோல் மென்மையாய், சிலவேளை நகம் பட்டாலே தடம் பதிவதாய் இருக்கும். வெளிச்சத்தில் வைத்தால் ஊதாவாகிக் கறுக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒளிப்படக் கலையைப் பிறப்பித்ததே வெள்ளிச் சேர்மங்களின் இந்த ஒளிநாட்டம்தான். குளோரைடு சல்பைடைப் போல மெல்லிய போர்வையன்று. உலோகத்தைத் தின்று, அதன் இடத்தில் தான் பருத்து நிற்பது. இக்கரையில் நாம் அஞ்சத்தக்கது இதுவே.

மூன்றாம் வகை செம்பால் வருவது. காசு வெள்ளி எனினும் முழுதும் வெள்ளியன்று. அர்த்தசாத்திரம் வெள்ளிப் பணத்தில் நாலில் ஒரு பங்கு செம்பும், சிறிதளவு இரும்போ தகரமோ ஈயமோ அஞ்சனமோ சேர்க்கச் சொல்கிறது. மண்ணில் கிடக்கும்போது அந்தச் செம்பு முதலில் கசிந்து வெளியேறிப் பச்சைக் களிம்பாக மேலே படிகிறது. பச்சை மூடிய காசைச் செம்புக்காசு என்று தள்ளிவிடுவது பலரும் செய்வது. எடை பார்த்தாலும், விளிம்பில் பச்சைக்கடியில் வெண்மை தெரிகிறதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினாலும் ஐயம் தீரும்.

நான்காம் வகை வெறும் அழுக்கு: எண்ணெய்ப் பிசுக்கு, விளக்குப் புகை, மஞ்சள், சந்தனம், குங்குமம். பூசை அறையில் இருந்த விக்டோரியா ரூபாய்களில் இதையே மிகுதியும் காண்கிறோம். 1835-இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரே சீராக்கிய ரூபாய் 180 கிரெயின் எடை, அதாவது 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. ஒரு தோலா என்பதும் அதன் எடையே. நாட்டு மருந்துகளுக்கும் ‘ரூபாய் எடை’ என்றே அளவு சொன்னார்கள். 1940-இல் வெள்ளி பாதியாகக் குறைந்தது; 1947-இல் வெள்ளி நீங்கி நிக்கல் வந்தது. ஆகவே பாட்டன் காலத்து ரூபாய்களுள் 1940-க்குப் பிந்தியவை பழுப்பும் பச்சையும் காட்டினால், அது அவற்றில் மிகுந்துள்ள செம்பின் குணம்.

எழுத்தைக் காட்டும் இருள்

ஓலைச்சுவடியோடு பழகிய அன்பர்களுக்கு ஒன்றை நினைவூட்டலாம். எழுத்தாணியால் கீறிய ஓலையில் எழுத்து தானாகத் தெரிவதில்லை. விளக்குக்கரியையோ இலைச்சாற்றோடு சேர்த்த கரியையோ பூசித் துடைத்தபின், கீறலில் மட்டும் மை தங்கி எழுத்து எழுந்து நிற்கிறது. மையாடல் என்று அதை ஒரு சடங்காகவே நம் முன்னோர் கொண்டாடினர்.

பழங்காசிலும் அதுவே நிகழ்கிறது. மேடான பகுதி கைபட்டு ஒளிர்கிறது. எழுத்தைச் சுற்றிய பள்ளத்தில் கருமை தங்குகிறது. அந்த வேறுபாட்டால்தான் தேய்ந்த எழுத்தும் கண்ணுக்குப் புலனாகிறது. காலம் தானே செய்துவைத்த மையாடல் அது. அதைத் துலக்கி அழித்தால் காசு முழுதும் ஒரே பளபளப்பாகி, எழுத்தும் வெளியும் ஒன்றாகிவிடும். வெள்ளி மிகுதியாக மின்னும்; பெயர் மட்டும் மறையும்.

குளோரைடு தின்ற காசில் நிலைமை இன்னும் நுட்பமானது. சிலவேளை உலோகத்தில் எழுத்து அழிந்துபோய், மேலே படர்ந்த குளோரைடு அடுக்கிலேயே எழுத்தின் வடிவம் நிலைத்திருக்கும். மருந்தில் தோய்த்து அவ்வடுக்கைக் கரைப்பவர், அழுக்கைக் கரைப்பதாக எண்ணி எழுத்தையே கரைக்கிறார். சுவடியில் விளங்காத பாடத்தைப் பிழை என்று தள்ளி, தம் மனத்துக்கு இசைந்ததை எழுதிவைக்கும் பதிப்பாசிரியரின் செயலுக்கு இது நிகர். உ. வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் பாடபேதங்களை அடிக்குறிப்பில் காத்துவைத்ததன் பெருமையை நாம் பலமுறை பேசியிருக்கிறோம். காசின் மேல் உள்ள படிவும் ஒரு பாடபேதமே.

கடலடியில் கிடைத்த சான்று

நம் கரையிலிருந்து கடல் கடந்தால் இலங்கை. அதன் தென்கடலில், பெரிய பாஸஸ் என்னும் பாறைத்தொடர் அருகே, 1961-இல் மைக் வில்சனும் அவரோடு சென்ற இரு அமெரிக்கச் சிறுவர்களும் மூழ்கிய கப்பலொன்றின் எச்சங்களைக் கண்டனர். இலங்கையில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் அவ்வரலாற்றை நூலாக எழுதி 1964-இல் வெளியிட்டார். அங்கே கிடைத்தவை ஔரங்கசீப் பெயரால் சூரத்து அக்கசாலையில் அச்சிட்ட வெள்ளி ரூபாய்கள். ஹிஜ்ரி 1113, அதாவது கி.பி. 1701-02 ஆண்டினவை. அவை தனித்தனியே கிடக்கவில்லை. கட்டிகளாக இறுகிக் கிடந்தன. அக்கட்டிகள் காசுகளை முடிந்து வைத்திருந்த மூட்டையின் வடிவத்திலேயே இருந்தன. சாக்கு மக்கி மறைந்துவிட்டது. காசுகளைப் பிணைத்த படிவு சாக்கின் உருவைக் காத்து நின்றது.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. முதலாவது, வெள்ளியைத் தின்ற படிவே வெள்ளியின் வரலாற்றையும் காத்தது. வாணிகர் ரூபாயை எப்படி எண்ணி முடிந்தார்கள், எப்படிக் கப்பலில் ஏற்றினார்கள் என்பதற்குக் கட்டியின் வடிவமே சான்று. ஒவ்வொரு காசாகப் பிரித்துத் துலக்கியிருந்தால் அச்சான்று இல்லை. மண்ணில் கிடைக்கும் புதையல்களிலும், காசின் மேல் ஒட்டிய படிவில் பொதிந்த துணியின் இழைத்தடம் சிலவேளை பதிந்திருக்கும். நெசவின் வரலாற்றுக்கு அது கிடைத்தற்கரிய பொருள். இரண்டாவது, இவ்வளவு கடல் தின்றபின்னும் அவற்றில் பலவற்றின் ஆண்டும் அக்கசாலைப் பெயரும் படிக்கக் கிடைத்தன. கறுத்ததால் காசு செத்துவிடுவதில்லை.

துலக்குதலால் நேரும் இழப்பு

எழுத்தில்லாத காசுக்கும் வரலாறு உண்டு. அது எடையில் இருக்கிறது. போடிநாயக்கனூரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளி முத்திரைக் காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. ஒருபுறம் பல முத்திரைகள். மறுபுறம் மீனைக் குறிப்பதாகக் கொள்ளப்படும் உரு. பாண்டியரோடு அறிஞர்கள் தொடர்புபடுத்தும் காசுகள் இவை. கணித மேதையும் வரலாற்றறிஞருமான டி. டி. கோசாம்பி இப்புதையலையும் ஆராய்ந்தார். அதற்கு முன் தட்சசீலப் புதையல்களின் காசுகளை ஒவ்வொன்றாக நிறுத்து, ஒரு கருத்தை நிறுவினார். காசு கைமாறும்தோறும் அணுவளவு தேய்கிறது. ஆகவே ஒரே புதையலில் மிகுதியாகத் தேய்ந்தவை முந்தியவை, தேயாதவை பிந்தியவை. எழுத்தில்லாத காசுகளைக் காலவரிசைப்படுத்த அவர் கண்ட வழி அது.

முத்திரைக் காசின் பொது எடை 32 ரத்தி, ஏறத்தாழ 3.4 கிராம். கோசாம்பி கணக்கிட்ட தேய்மானமோ அதில் மிகச் சிறு பகுதி. வீட்டில் ஒருவர் சாம்பலும் புளியும் இட்டு ஒருமுறை அழுத்தித் தேய்த்தால், பல்லாண்டுப் புழக்கத்தின் தேய்மானத்தை ஒரே நாளில் உண்டாக்கிவிடலாம். அதன்பின் அக்காசின் எடை யாருடைய வரலாற்றைச் சொல்லும்? மன்னர் காலத்துச் சந்தையையா, நம் வீட்டு அங்கணத்தையா?

பற்பசை, திருநீறு, செங்கல்தூள் ஆகியவையும் இத்தகையனவே; நுண்ணிய கீறல்களை உண்டாக்கி மேற்பரப்பைத் தின்பவை. கடைகளில் விற்கும் வெள்ளித் துலக்கு நீர்மங்கள் படலத்தோடு அடியிலுள்ள வெள்ளியையும் சிறிது கொண்டுபோகும். அலுமினியத் தாளில் வைத்துச் சமையல் சோடாவும் வெந்நீரும் ஊற்றும் முறை சல்பைடை மீண்டும் வெள்ளியாக்குகிறது என்பது மெய்யே; ஆனால் அவ்வாறு மீளும் வெள்ளி பொருபொருத்து ஒளியின்றி இருக்கும். வீட்டுக் கிண்ணத்துக்கு அது போதும், மாக்கோதைக்குப் போதாது. உரைகல்லில் உரைப்பதும் வேண்டா. நீரில் நிறுத்து அடர்த்தி காணலாம்: வெள்ளிக்கு 10.5, ஈயத்துக்கு 11.3, தகரத்துக்கு 7.3. காசில் ஒரு கீறலும் விழாமல் உண்மை வெளிப்படும்.

இன்னொன்றும் அறியவேண்டும். மண்ணில் பல நூற்றாண்டு கிடந்த வெள்ளி, பார்வைக்குத் திண்மையாக இருந்தாலும் உள்ளே நொறுங்கும் தன்மை அடைந்திருக்கலாம். கலப்புச் செம்பும் ஈயமும் உலோக மணிகளின் இடைவெளிகளில் பிரிந்து ஒதுங்குவதால் நேர்வது அது. வளைந்த பழங்காசை நிமிர்த்த முயல்வோர் கையில் இரண்டு துண்டுகளே மிஞ்சும்.

போலிக் கருமை

கருமைக்கு மதிப்புண்டு என்று சந்தை அறிந்தபின், கருமையையே செய்வாரும் தோன்றிவிட்டனர். கந்தகச் சேர்மங்களில் தோய்த்தும், கந்தகத்தோடு சூடாக்கியும், நேற்று வார்த்த காசை இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையதாகக் காட்டுகிறார்கள். இயற்கைக் கருமை மெல்ல வந்தது. மேட்டில் குறைந்தும் பள்ளத்தில் மிகுந்தும், ஒரு நிறத்திலிருந்து அடுத்த நிறத்துக்குப் படிப்படியாகவும் செல்லும். செயற்கைக் கருமை பெரும்பாலும் எங்கும் ஒரே தடிப்பாக இருக்கும். அல்லது வரிசை பிறழ்ந்த நிறங்கள் திட்டுத்திட்டாக நிற்கும். சிலவேளை நகம் பட்டால் செதில் செதிலாக உதிரும். புதியதாயின் கந்தக நெடியும் வீசும். வார்ப்புக் காசில் காற்றுக் குமிழியின் நுண்துளைகளும் விளிம்பில் அரத்தின் தடமும் தெரியும். கவிதையில் பழஞ்சொல்லை அள்ளித் தெளிப்பதால் மட்டும் சங்கப் பாட்டு ஆகிவிடாது என்பதை நம் வட்டத்தார்க்குச் சொல்ல வேண்டியதில்லை, காசிலும் அவ்வாறே.

கையாளும் முறை

பழைய வெள்ளிக் காசைக் கண்டால் செய்யத்தக்கவை சிலவே. செய்யாது விடத்தக்கவை பல.

காசை விளிம்பில் பிடிக்கவேண்டும். முகத்தில் விரல் படலாகாது. பருத்திக் கையுறை நன்று. கீழே மெத்தென்ற துணியை விரித்து, அதன்மேல் தாழ்வாக வைத்தே பார்க்கவேண்டும். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மண் தானே இளகும்வரை காத்திருக்கலாம். கடலிலிருந்தோ உவர்மண்ணிலிருந்தோ எடுத்ததாயின், நீரைப் பலநாள் மாற்றி மாற்றி ஊறவிட்டு உப்பை வெளியேற்றவேண்டும். குழாய் நீரில் குளோரின் இருக்கும், அது ஆகாது. எண்ணெய்ப் பிசுக்குக்கு மட்டும் அசிட்டோன் உதவும். அது வெள்ளியைத் தொடாது. உலர்த்தும்போது ஒற்றி எடுக்கவேண்டும், துடைக்கலாகாது. சல்பைடுப் படலத்தை அப்படியே விட்டுவிடுவதே முறை.

சேமிப்பில் முதற்பகை ஈரம். நம் கரையின் காற்றில் ஈரமும் உப்பும் ஒருங்கே உண்டு. அமிலமற்ற காகித உறையிலோ பாலியெஸ்டர்த் தாள் உறையிலோ தனித்தனியே இட்டு, இறுக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பது நலம். பி.வி.சி. உறைகள் நாளடைவில் பிசுபிசுத்துப் பச்சைக்கறை உண்டாக்கும். ரப்பர் வளையத்தால் கட்டிவைத்த காசில் வளையத்தின் தடமே கருங்கோடாக நிற்கும். கம்பளியிலும் பொதியலாகாது. கழுத்தணியாக்கக் கொக்கி பற்றவைத்த ரூபாய்கள் நம் வீடுகளில் பல. இனிப் பற்றவைக்காதிருப்பதே நாம் செய்யக்கூடிய பரிகாரம்.

குளோரைடு தின்ற காசும், கட்டியாக இறுகிய காசுகளும் வீட்டு வைத்தியத்துக்கு உரியவை அல்ல. அவற்றுக்குத் தமிழகத்தில் வழி இல்லாமலும் இல்லை. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930-இலேயே வேதியியல் பாதுகாப்புக்கூடம் அமைந்தது. அங்கே எஸ். பரமசிவன், அரிப்புக்கு உள்ளான செப்புத் திருமேனிகளை மின்னாற்பகுப்பு முறையால் மீட்டுக் காட்டினார். எவ்வளவு நீக்குவது, எங்கே நிறுத்துவது என்னும் தீர்ப்பே அக்கலையின் உயிர்.

சட்டமும் ஒன்று உண்டு. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி, மண்ணில் புதைந்திருந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடையதாயின், மாவட்ட ஆட்சியர்க்கு அறிவிக்கவேண்டுவது கண்டெடுத்தவர் கடமை. அச்சட்டத்துக்கு அஞ்சியே பலர் காசை மறைக்கிறார்கள், மறைத்தது உருகுகிறது. அஞ்ச வேண்டுவதில்லை என்று ஊரார்க்கு எடுத்துச் சொல்ல, அவர்கள் நம்பும் நாவு வேண்டும்.

நம் வட்டத்தின் பணி

அந்த நாவு நம்மிடம் இருக்கிறது. பாலவநத்தம் பாண்டித்துரைத் தேவர் பாஸ்கர சேதுபதியின் துணையோடு 1901-இல் மதுரையில் தமிழ்ச்சங்கம் நிறுவியபோது, மங்கி மறைந்துகொண்டிருந்த சுவடிகளைத் தேடித் தொகுப்பதும் அதன் பணிகளுள் ஒன்றாக இருந்தது. சேதுநாட்டு மண் அவ்வகையில் தமிழுக்குக் கைகொடுத்த மண். சுவடிக்கு அன்று செய்ததைக் காசுக்கு இன்று செய்யும் அளவுக்கு நமக்குப் பொருளில்லை எனினும், ஒரு குறிப்பேடும் ஒரு சிறு தராசும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் வாங்கப் பெரும்பொருள் வேண்டா. எந்த ஊரில், எந்த நிலத்தில், எவ்வளவு ஆழத்தில், எவற்றோடு கிடைத்தது, எடை என்ன, நிறம் என்ன, இருபுறப் படம் எது. இவ்வளவும் எழுதிவைத்தால் காசு பின்னர் எங்கே சென்றாலும் அதன் வரலாறு நம்மிடம் தங்கும். கிடைத்த இடம் தெரியாத காசு, பாடியவர் பெயரும் திணையும் துறையும் உதிர்ந்த பாட்டைப் போன்றது.

வட்டத்து அன்பர்கள் பலர் இக்கரையூர்களில் ஆசிரியராகவும் வணிகராகவும் இருக்கிறீர்கள். மாணவர் ஒருவர் கறுத்த வில்லையொன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டும் நாள் உங்களுக்கு வரக்கூடும். அப்போது முதலில் சொல்லவேண்டிய சொல் ஒன்றே: “தேய்க்காதே.” அதன்பின் எங்கே கண்டெடுத்தான் என்று கேளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள், பிறகு உரியவர்க்கு அறிவியுங்கள். இரண்டாயிரம் ஆண்டு மண்ணும் கடலும் காத்துத் தந்ததை ஒரு பிற்பகல் பொழுதில் நாம் இழக்காதிருக்க அதுவே போதும்.